ஏழு கிலோ குறைந்தால் எத்தனை நிமிடம்? முறிகண்டி வீதியில் இரண்டு சைக்கிள்கள்

ஆள் கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன். வீடு முறிகண்டிக்கு உள்ளே. ஒரு வழி 15 கிலோமீற்றர். அதில் முக்கால்வாசி ஏ-9 காப்பெற் வீதி, மிச்சம் கிரவல் ஒழுங்கை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் கோட்டில் கிழமைக்கு இத்தனை லீற்றர்தான் என்று வந்தபோது, மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவின் பழைய சைக்கிளை எடுத்தான். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கைவிடவில்லை. காசு மிஞ்சுகிறதாம்.

ஆனால் முறைப்பாடு ஓயவில்லை. "சேர், இது சரியான பாரச் சைக்கிள். பின்னேரம் வீடு போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகுது. உழக்கி உழக்கி முழங்கால் கழண்டுபோகும் போல கிடக்கு." என்னிடம் பௌதிகம் படித்தவன், அந்த உரிமையில் சொல்வான்.

பிறகு பாவித்த அலுமினிய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். முதல் கிழமையே செய்தி வந்தது: பின்னேரப் பயணம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆகிவிட்டது. இருபது நிமிடம் மிச்சம். "பாரம் குறைஞ்சா எவ்வளவு வித்தியாசம் பாருங்கோ சேர்" என்றான்.

இருபது நிமிடம் மிச்சம் என்றதை நான் நம்பினேன். அதற்கு அவன் சொன்ன காரணத்தைத்தான் நம்ப முடியவில்லை. வன்னி போன்ற மட்டமான நிலத்தில் சைக்கிளின் நிறை இருபது நிமிடத்தைத் தின்னாது. அப்படியானால் அந்த நிமிடங்களைத் தின்றது எது? அதைத் தேடியதன் விபரம்தான் இது.

தராசில்

நெல் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் இரண்டையும் கொளுவினோம். பழையது 21 கிலோ, புதியது 14 கிலோ.

பழையது ஏன் 21 கிலோ என்று கேட்டால், அது ஒரு காலத்தில் செய்த வேலைகளைப் பார்க்க வேண்டும். ரலி, ஹம்பர் போன்ற ஆங்கிலேய வண்டிகளின் அச்சில் வந்த இரும்புச் சட்டம், இரும்பு றிம், கம்பி பிறேக், முழு மட்காட், செயின் கவர், இரட்டைக்கால் ஸ்டாண்ட், பின்னால் தடித்த கரியர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் அருந்தலாகி, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியபோது, விறகு, நெல், நோயாளி, பள்ளிக்கூடப் பிள்ளை, இடம்பெயர்ந்தவரின் வீட்டுச் சாமான் எல்லாம் இந்தக் கரியரில்தான் போனது. அந்தச் சட்டத்தில் ஒரு கிலோகூட வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, 21இல் இருந்து 14. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கடைக்காரர் இந்தக் கணக்கைத்தான் சொல்லி விற்பார். ஆனால் சைக்கிள் தனியாக ஓடுவதில்லை. ஆள் 62 கிலோ. சோற்றுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை எல்லாம் சேர்த்துப் பை 3 கிலோ. கால்கள் தள்ள வேண்டியது பழையதில் 86 கிலோவை, புதியதில் 79 கிலோவை. குறைந்தது வெறும் 8 சதவீதம்.

மட்டமான வீதியில்

சைக்கிள் ஓடுகிறவரை மறிப்பவை நான்கு: ஏற்றம், ரயர் உருளும்போது வரும் தடை, காற்று, செயினிலும் அச்சிலுள்ள போல்ஸிலும் (உருளும் இரும்புக் குண்டுகள்) வரும் உராய்வு. நிறை நேரடியாகத் தலையிடுவது முதல் இரண்டில் மட்டுமே. காற்றுக்கு நிறை தெரியாது. முன்னால் எவ்வளவு பரப்பைக் காட்டுகிறோம், எவ்வளவு வேகத்தில் அதை வெட்டுகிறோம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

கிளிநொச்சியிலிருந்து இரணைமடுச் சந்தி தாண்டி முறிகண்டி வரை போனவர்களுக்குத் தெரியும், ஏற்றம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே முதலாவதை விட்டுவிடலாம். மிஞ்சுவது உருளல் தடை. காற்று நிறைந்த சாதாரண ரயர் நல்ல வீதியில் உருளும்போது, மொத்த நிறையில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அளவு பின்னுக்கு இழுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 86 கிலோவுக்கு அது ஏறத்தாழ 690 கிராம் விசை. 79 கிலோவுக்கு 630 கிராம். ஏழு கிலோ குறைத்ததன் பலன் அந்த 60 கிராம் கூட இல்லை.

வாற்றில் சொன்னால் இன்னும் தெளிவு. காற்றில்லாத விடியற்காலையில், நிமிர்ந்து இருந்து, மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் போக அவனுக்கு வேண்டியது ஏறத்தாழ 60 வாற்று. பழைய குண்டு பல்பு ஒன்று எரிக்கும் அளவு. சாதாரண உடம்பு ஒரு மணித்தியாலத்துக்கு அலுக்காமல் தரக்கூடியது. புதிய சைக்கிளில் அதே வேகத்துக்கு 58 வாற்று போதும். வித்தியாசம் இரண்டு, இரண்டரை வாற்று. அதை வேகமாக மாற்றினால் 15 கிலோமீற்றருக்கு ஒரு நிமிடமும் சில செக்கன்களும் மிச்சம். அவ்வளவுதான்.

டைனமோவை இதோடு வைத்துப் பார்க்கலாம். ரயரில் உரசி ஓடும் பழைய போத்தல் டைனமோ 6 வோற்று, 3 வாற்று. அந்த 3 வாற்றைத் தர அது காலிலிருந்து ஆறேழு வாற்றை உறிஞ்சும். இருட்டில் லைற்றைப் போட்டுக்கொண்டு போவது, சைக்கிளில் இருபது கிலோ கூடியதற்குச் சமம். மின்சாரமே இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, அதே டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு அது எவ்வளவு இழுக்கும் என்பது தோள்மூட்டில் தெரியும்.

என் கணக்கை நம்பாதவர்களுக்கு வெளியூர்ச் சாட்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜெரமி குரோவ்ஸ் என்ற மயக்க மருந்து வைத்தியர், வேலைக்குப் போய்வர இரண்டு சைக்கிள் வைத்திருந்தார்: 13.5 கிலோ இரும்புச் சைக்கிள், 9.5 கிலோ காபன் சைக்கிள். போக வர 27 மைல். இன்றைக்கு எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்து, 2010இல் பல மாதங்கள் நேரம் குறித்தார். சராசரி நேரம் இரண்டிலும் ஒரு மணித்தியாலமும் 48 நிமிடமும் மட்டில். அரை நிமிட வித்தியாசம், அதுவும் இரும்புக்குச் சாதகமாக. அவருடைய பாதையில் ஏற்ற இறக்கமும் இருந்தது. பிரித்தானிய மருத்துவ இதழ் அந்த வருட நத்தார் இதழில் அதை வெளியிட்டது. நத்தார் இதழ் சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்குப் பேர் போனது என்றாலும், காசு சுண்டிய முறை சுத்தமானது. இன்றைக்குக் களைப்பு, இலேசானதை எடுப்போம் என்று ஆள் தானாகத் தெரிவு செய்தால் கணக்கே பிழைத்துப்போகும். நாங்களும் பிறகு அதே முறையைத்தான் பின்பற்றினோம்.

மிச்ச நிமிடங்கள்

ஏழு கிலோவுக்கு ஒரு நிமிடம், காற்று எதிர்த்தால் ஒன்றரை நிமிடம். இருபதில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் இன்னும் கணக்கில் வரவில்லை.

பழைய சைக்கிளை ஊரிலுள்ள திருத்துகிற ஐயாவின் கொட்டிலுக்குக் கொண்டு போனோம். அவர் தராசை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின் ரயரைப் பெருவிரலால் அமத்தினார். விரல் உள்ளே போனது. இந்தப் பழைய வால்வில் றப்பர்க் குழாய் வாயை மூடியிருப்பதால் சாதாரண அளவுமானி சரியாகக் காட்டாது. ஆகவே பெருவிரல்தான் மானி. "தம்பி, கடைசியாக எப்ப காத்து அடிச்சனீர்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அடுத்து முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டார். ரெண்டு சுற்றுப் போய், மூன்றாவதில் ஒரு இடத்தில் தயங்கி நின்றது. றிம் கொஞ்சம் கோணல். அந்த இடத்தில் பிறேக் கட்டை உரசுகிறது. அந்த இடத்தில் மட்டும் றிம் பளபளவென்று மினுங்கியது. பின் அக்சிலைக் கழட்டியபோது போல்ஸ் கிடந்த கிண்ணத்தில் கிறீஸ் என்று ஒன்றும் இல்லை. கிரவல் ஒழுங்கையின் செம்மண் எண்ணெயோடு குழைந்து காய்ந்து கிடந்தது. செயினை இரு விரலால் பிடித்து வளைத்தால் சில கண்ணிகள் வளைந்தபடியே நின்றன.

இதில் ரயர்தான் பெரிய கள்ளன். காற்று இறங்கிய ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் போன சக்தி வெப்பமாகப் போய்விடுகிறது, திரும்பி வராது. உருளல் தடை ஆயிரத்தில் எட்டிலிருந்து பதினாலாக உயர்ந்தால் - வன்னியில் நான் பார்க்கும் ரயர்களில் பாதியாவது இந்த நிலைதான் என்பேன் - அதே 16 கிலோமீற்றர் வேகத்துக்கு 22 வாற்று கூடுதலாக வேண்டும். ஏழு கிலோ நிறைக்கு இரண்டரை வாற்று. காற்று இறங்கியதற்கு 22. காற்றடிக்கக் காசும் போகாது.

அடுத்தது சோளகம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, விடியற்காலையில் அடங்கியிருந்து வெயில் ஏற ஏற வலுக்கும். கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிக்குப் போவது தெற்கே. ஆகவே பின்னேரம் வீடு திரும்புகிறவனின் நெஞ்சில்தான் அது மோதும். மணிக்கு 10 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்று வைத்தாலே, 16 கிலோமீற்றர் வேகத்தைத் தக்கவைக்க 60 வாற்று 110 வாற்றாகிவிடும். அதற்குக் கால் இடம் கொடுக்காது, வேகம்தான் இறங்கும். இங்கே பலர் லாண்ட்மாஸ்டரின் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது சும்மா இல்லை. காற்று மறைப்பு உண்மையாகவே பாதிச் சுமையைக் குறைக்கும். ஆனால் குழியைப் பார்த்து அவர் பிறேக் பிடித்தால் உங்கள் மூக்கு பெட்டிப் பலகையில். செய்யாதீர்கள்.

காற்று என்றால் அடுத்த கேள்வி இருக்கை. பழைய சைக்கிளின் ஹாண்டில் உயரம், சீற்றும் பதிவு. ஓடுகிறவன் கதிரையில் இருப்பதுபோல நெஞ்சை விரித்துக்கொண்டு இருக்கிறான். வெளியே விட்ட சேட்டும் காற்றில் பாயாக விரிகிறது. புதிய கியர் சைக்கிளின் நேர் ஹாண்டில் அவனைத் தானாகவே முன்னுக்குச் சாய்த்தது. காற்றுக்குக் காட்டும் பரப்பு ஆறில் ஒரு பங்கு குறைந்தது என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே 60 வாற்று, அதே எதிர்க்காற்று, கிரவலையும் வீதியாகவே வைத்து.

காற்றிறங்கிய ரயரோடு பழைய சைக்கிள்: 92 நிமிடம். ரயரை மட்டும் சரிசெய்தால்: 79. அதிலிருந்து ஏழு கிலோவைக் கழித்தால்: 77 அரை. சாய்ந்த இருப்பையும் சேர்த்தால்: 72.

அவன் சொன்ன ஒன்றரை மணித்தியாலமும், ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது தெரிகிறது. இருபது நிமிடத்தில் பதின்மூன்று ரயருக்கு, ஐந்து சொச்சம் முதுகின் சாய்வுக்கு, ஒன்றரை நிறைக்கு. இருபதிலும் மிகச் சிறிய பங்கைத்தான் அவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். இந்த எண்கள் எடுகோள்களில் நிற்கின்றன. காற்றின் வேகத்தையோ ரயரின் தடையையோ கொஞ்சம் மாற்றினால் நிமிடங்கள் முன்பின் ஆகும், ஆனால் வரிசை மாறாது.

குளக்கட்டு இறக்கம்

கணக்கோடு நிறுத்தாமல், ஐயா திருத்தி முடித்த பிறகு ஒரு சோதனை செய்தோம். ஊர்க் குளத்தின் கட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவின் உச்சியில் ஒரு கோடு. அங்கிருந்து பெடலைத் தொடாமல், தள்ளாமல், அப்படியே விடுவது. எங்கே போய் நிற்கிறதோ அங்கே தடி ஊன்றுவது. அதே ஆள், அதே பை, காற்று அடங்கிய விடியல்.

கொட்டிலுக்குக் கொண்டு போவதற்கு முன்பே பழைய சைக்கிளை ஒருமுறை அந்தச் சரிவில் விட்டுப் பார்த்திருந்தோம். சரிவு முடிந்து வீதியில் கொஞ்சத் தூரத்தில் மூச்சடங்கிவிட்டது. புதியது அதைத் தாண்டி வெகுதூரம் போனது. இப்போது கிறீஸ் போட்டு, பிறேக் விலக்கி, காற்றடித்த பழையதை விட்டால், புதியதன் தடிக்குக் கிட்டவே போய் நின்றது. சில தடவை தாண்டியும் போனது. பையன் ஐயாவைப் பார்த்தான், ஐயா என்னைப் பார்த்தார்.

பௌதிகத்தில் இது வியப்பல்ல. இறக்கத்தில் கூடிய நிறை கூடிய சக்தியைச் சேர்க்கிறது. மட்டத்துக்கு வந்ததும் காற்று அதை நிறுத்தக் கூடுதல் நேரம் எடுக்கும். மேடு ஏறும்போதுதான் பாரம் பெரிய எதிரி.

காசு சுண்டி ஓடிய ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சோளக காலத்தில் சில கிழமைகள் அவன் காலமை காசைச் சுண்டி, தலை என்றால் பழையது, பூ என்றால் புதியது என்று ஓடினான். விடியற்காலைப் போக்கில் எது எது என்று கைபேசியில் விழுந்த நேரத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மாடு குறுக்கே நின்றதும் ரயில் கடவை பூட்டியிருந்ததும் அந்தச் சில நிமிடத்தை அடித்துக்கொண்டு போயின. பின்னேரம் மட்டும் புதியது ஐந்து முதல் பத்து நிமிடம் முந்தியது. அதுவும் காற்று பலத்த நாட்களில்தான். அவனுடைய ஒன்றரை மணித்தியாலம் திரும்ப வரவேயில்லை.

பாரம் என்று எதைச் சொல்கிறோம்

இவ்வளவு காட்டிய பிறகும் அவன் ஒன்றை விடவில்லை. "சரி சேர், நேரம் ஒன்றுதான். ஆனால் பழையதில முழங்கால் நோகுது, புதியதில நோகேல்ல. அது பாரம் இல்லாம என்ன?"

நியாயமான கேள்வி. இந்த விடயத்தில் எனக்குச் சுவையாகப் பட்டதும் இதுதான். முழங்கால் பொய் சொல்லவில்லை.

பழையதில் முன் செயின்வீலில் 44 பல், பின் பிறீவீலில் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஐந்தரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகரும். காற்றில்லாமல் 16 கிலோமீற்றர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 50 சுற்று, நல்ல தாளம். எதிர்க்காற்றில் வேகம் பதினொன்றுக்கு விழும்போது பெடல் 35 சுற்றுக்கு இறங்கிவிடும். அதே 60 வாற்றை 35 சுற்றில் கொடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு சுற்றிலும் பெடலில் சராசரி பத்துக் கிலோ விசை. பெடல் மேலும் கீழும் நிற்கும்போது காலுக்குத் தள்ளப் பிடிமானம் இல்லை என்பதால் நடுவில் கொடுப்பது அதைவிட மிக அதிகம். கியர் சைக்கிளில் பல்லை மாற்றி 55 சுற்றில் அதே 60 வாற்றைக் கொடுத்தால் சராசரி ஆறு கிலோ சொச்சம் போதும். வேலை ஒன்று, வேகம் ஒன்று. முழங்காலுக்கு வருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

சைக்கிள் 'பாரமாக இருக்கிறது' என்று இங்கே நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பல்லின் பாரம். தராசில் கொளுவினால் அது தெரியாது. பதிந்த சீற் அதை இன்னும் கூட்டுகிறது. நின்றால் இரண்டு காலும் நிலத்தில் பதிய வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சீற்றைப் பதித்து வைப்பார்கள். அப்படி இருந்தால் பெடல் அடியில் போகும்போதும் முழங்கால் மடங்கியே நிற்கும். நாலு விரல் உயர்த்தியதும் அவனே வித்தியாசத்தைச் சொன்னான். முதல் இரண்டு நாள் சந்தியில் நிற்கத் தடுமாறினான், பிறகு பழகிவிட்டது.

ஐயா பிறீவீலை 18 பல்லிலிருந்து 20 பல்லுக்கு மாற்றிவிட்டார். விடியலில் கால் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், பின்னேரம் பத்தில் ஒரு பங்கு இலேசு. கழட்டும் சாவி இருந்தால் சின்ன வேலை. வன்னியில் சோளகத்துக்கு எதிராக நாளாந்தம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையும் காற்றடிப்பதையும்தான்.

நிறை எங்கே உண்மையாகப் பேசும்

இதை வாசித்துவிட்டு யாரும் நிறை ஒரு பொருட்டே அல்ல என்று முடிவு கட்ட வேண்டாம். அது பொருட்டாகும் இடங்கள் உண்டு. வன்னிக்குள் அவை குறைவு, அவ்வளவே.

முதலாவது மலை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் உயரம் 1,350 மீற்றருக்கு மேல் கூடும். ஏழு கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், 100 வாற்று கொடுக்கிறவனுக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். மலையேற்றப் போட்டி வீரர்கள் கிராமுக்குக் கிராம் சண்டை பிடிப்பதும், சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2000ஆம் ஆண்டிலிருந்து வரம்பு போட்டு வைத்திருப்பதும் அதனால்தான். எங்கள் குளக்கட்டு எட்டு மீற்றர் உயரம் என்றால், அதே ஏழு கிலோவுக்கு அங்கே ஐந்தாறு செக்கன்.

இரண்டாவது, நின்று நின்று போவது. ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் மொத்த நிறையையும் திரும்ப வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். றிம்மிலும் ரயரிலும் இருக்கும் நிறை முன்னுக்கும் போகிறது, சுற்றவும் செய்கிறது. ஆகவே புறப்படும்போது அங்குள்ள ஒரு கிலோ, சட்டத்திலுள்ள இரண்டு கிலோவுக்குச் சமம். கொழும்பில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவனுக்கு இது தெரியும். ஏ-9இல் நிற்பது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில்தான்: ஒரு தேங்காய், கச்சான் சரை ஒன்று, அதோடு சரி.

மூன்றாவது மண். கிரவலில் உருளல் தடை காப்பெற்றைவிட இரண்டு மூன்று மடங்கு. நிறையின் பலனும் அந்த அளவுக்குக் கூடும். ஆனால் பொருபொருத்த மணலில் விடயம் வேறு. அங்கே ரயரின் அகலம்தான் பேசும். ஒடுங்கிய ரயர் போட்ட 14 கிலோ சைக்கிள் புதைகிற இடத்தில், அகன்ற ரயர் போட்ட 21 கிலோ சைக்கிள் போய்விடும்.

கடைசியாகத் தூக்குவது. மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடக்கிறவருக்கும், பஸ்ஸின் கூரையில் ஏற்றுகிறவருக்கும், பதினான்கு வயதுப் பெண் பிள்ளைக்கும் ஏழு கிலோ மெய்யாகவே ஏழு கிலோ.

இதற்கு மறுபக்கம் மூட்டை. புதிய சைக்கிளில் பூட்டிக் கொடுத்த அலுமினியக் கரியரில் 25 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றோடு அது முடிந்தது. மூட்டைக்கு மேல் ஒரு தேங்காய் வைக்கவும் யோசிக்க வேண்டும். காஸ் சிலிண்டர் என்றால் 12.5 கிலோ காஸ்தான், ஆனால் இரும்போடு சேர்த்தால் அந்த எல்லை வந்துவிடும். பழைய கரியரில் சிலிண்டரைக் கட்டி, அதற்குமேல் தவிட்டு மூட்டையும் போட்டு, பாரில் தங்கச்சியையும் இருத்திக்கொண்டு அவன் போனதை நான் கண்டிருக்கிறேன்.

இடையில் அவன் ஒரு யோசனை சொன்னான்: பழையதில் மட்காட், ஸ்டாண்ட், செயின் கவர் மூன்றையும் கழட்டினால் இரண்டரை கிலோ குறையுமே? குறையும். 15 கிலோமீற்றரில் இருபத்தைந்து செக்கன் மிஞ்சும். அதற்கு விலையாக மாரியில் முதுகு முழுக்கச் சேறு, செயினுக்குள் காற்சட்டைக் கால், சாத்தி வைக்க ஒரு மதில் தேடுவது. ஐயா சாவியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

இப்போது

இரண்டையும் விற்கவில்லை. கியர் சைக்கிள் உயர்தரம் படிக்கும் தங்கச்சிக்குப் போய்விட்டது. அவளுடைய பாதையில் கிரவல் குறைவு, வாய்க்கால் கட்டில் தூக்கி ஏற்ற வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. அவன் பழையதில் ஓடுகிறான். வெள்ளிக்கிழமை பின்னேரம் காற்றடிப்பது என்று வைத்திருக்கிறான். சோளகம் பலத்த நாட்களில் சேட்டை உள்ளே விட்டு, முழங்கையை மடித்துக் கொஞ்சம் குனிகிறான். டைனமோவைக் கழட்டிவிட்டு, சார்ஜ் போடும் சின்ன லைற் ஒன்றைக் கட்டியிருக்கிறான். றிம்மின் கோணல் இன்னும் முழுதாக எடுபடவில்லை; ஸ்போக் இரண்டு துருப்பிடித்து இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது. புது றிம் போடுவதென்றால் இரும்பா அலுமினியமா என்று போன கிழமை கேட்டான். அலுமினியம் என்றேன். நிறைக்காக அல்ல, துருவுக்காக. ஆனால் பழைய கம்பி பிறேக் றிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பது. அலுமினிய றிம்மின் வடிவம் அதற்கு ஒத்துவருமா என்பதை ஐயா பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.